பத்து மணிக்கு ஏறும், நாலு மணிக்கு இறங்கும்

2022 ஜனவரி 15, மாட்டுப்பொங்கல் நாள். இலங்கை நேரப்படி காலை பத்து மணிக்குச் சற்று முன்பு, பசிபிக் சமுத்திரத்தில் தொங்கா தீவுகளுக்குப் பக்கத்தில் ஒரு கடலடி எரிமலை வெடித்தது. அது கிளப்பிய அமுக்க அலை செக்கனுக்கு 300 மீற்றருக்கும் கூடிய வேகத்தில் உலகைச் சுற்றக் கிளம்பி, 11,000 கிலோமீற்றருக்கு மேல் கடந்து, இரவு எட்டு மணியளவில் நமது மலைநாட்டுக்கு மேலாகப் போனது. ஹட்டனில் யாரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திராது. சத்தம் இல்லை, காற்று இல்லை. பாரமானி மட்டும் ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் துள்ளி அடங்கியிருக்கும். (பழைய ஆட்கள் மில்லிபார் என்று சொல்வதும் இதே அளவைத்தான்.)

அதே நாளில் ஜப்பானில் வெதர்நியூஸ் என்ற தனியார் நிறுவனம் நாடு முழுக்கப் பரப்பி வைத்திருந்த 'சொராத்தெனா' என்ற சிறு கருவிகள் அந்த அலையைக் கையும் களவுமாகப் பிடித்தன. சுமார் 2 ஹெக்டோபாஸ்கல் துள்ளல் ஊர் ஊராக நகர்ந்து போவது வரைபடத்தில் அப்படியே தெரிந்தது.

அந்தத் துள்ளலைப் பிடிக்கப் போதுமான சில்லு இன்று கொழும்புக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பத்துத் தோட்டங்களில் பத்துச் சில்லுகளை வைத்து, பத்தும் ஒரே கணக்கைச் சொல்லும்படி வருடக்கணக்காகப் பார்த்துக்கொள்ளும் ஆள் கிடைப்பதுதான் அபூர்வம். உயர்தரத்தில் பௌதிகவியலோ பொறியியல் தொழில்நுட்பமோ படித்துவிட்டு, "கொழும்புக்குப் போவதா, இங்கேயே ஏதாவது இருக்குமா" என்று நிற்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தோட்ட ஆபீசில் மழைமானி வாசித்துக் கொப்பியில் குறிக்கிற வேலையில் ஏற்கனவே இருப்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. அமுக்கத்தை மட்டும் அளக்கத் தெரிந்தவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கப்போவதில்லை. மழை, ஈரப்பதன், வெப்பநிலை, காற்று ஆகியவற்றோடு சேர்ந்துதான் அமுக்கமும் விலைபோகும். ஆனால் இந்த ஐந்தில் ஆளின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது அமுக்கம். மழைமானியில் பத்து வீதம் பிழை இருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். அமுக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் முழுப் பதிவும் குப்பை.

உயரம் என்ற பூதம்

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,870 மீற்றரை ஒட்டி. ஹட்டனில் அமுக்கம் 870 பக்கமாக நிற்கும், நுவரெலியாவில் 810 பக்கமாக. இடையில் அறுபது. நாம் தேடுவதோ இதற்குள் ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு எண்களை. வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் நகர்ந்து வந்தால் இரண்டு, மூன்று, சில வேளை அதற்கு மேல். மாலை இடிமழை தள்ளிவிடும் குளிர்காற்றுக்கு ஒன்று, ஒன்றரை. பள்ளத்தாக்குக்கும் மலை உச்சிக்கும் இடையே மத்தியானத்தில் வரும் வித்தியாசம் ஒன்றுக்கும் கீழே.

நமது உயரத்தில் பத்து மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். அதாவது ஒரு மீற்றருக்கு 0.1. மேசையில் இருந்த கருவியை வீடு கூட்டும்போது யாரோ எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டால், உங்கள் வரைபடத்தில் ஒரு சிறு பள்ளம் விழும். அதை வானிலை என்று நம்பி அறிக்கை எழுதியவர்கள் உண்டு. கைப்பேசி ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கதை இன்னும் மோசம். மலையிலும் மரத்தடியிலும் அது பத்து, இருபது மீற்றர் பிழைப்பது சாதாரணம். அந்தப் பிழையே ஒரு முழு இடிமழையின் துள்ளலை விழுங்கிவிடும்.

ஆகவே கடல் மட்டத்துக்கு மாற்றும் கணக்கை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் முப்பது நாள் சராசரியை எடுங்கள். அதிலிருந்து இன்றைக்கு எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று மட்டும் பாருங்கள். உயரம் தானாகவே கழிந்துபோகும். மிஞ்சுவதுதான் வானிலை.

தேத்தண்ணி நேரமும் கொழுந்து நிறுக்கும் நேரமும்

சராசரியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மழையோ புயலோ அல்ல, ஒரு மணிக்கூடு. காலை பத்து மணியளவில் அமுக்கம் ஏறி உச்சத்தில் நிற்கும். பின்னேரம் நாலு மணியளவில் அடிமட்டத்துக்கு இறங்கும். இரவு பத்துக்குத் திரும்ப ஏறி, விடியற்காலை நாலுக்கு மறுபடி இறங்கும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். காலைத் தேத்தண்ணி நேரத்தில் உச்சம், மாலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் பள்ளம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது.

கடல் வற்றுப்பெருக்கு மாதிரி இது சந்திரனின் வேலை என்று பலர் நினைப்பார்கள். இல்லை. சூரியன் மேல்வளியில் ஓசோனையும் கீழே நீராவியையும் சூடாக்குவதால் எழும் அலை இது. மத்திய கோட்டை ஒட்டிய நாடுகளில்தான் இது பெரிதாக இருக்கும். நம் பக்கத்தில் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே இரண்டு முதல் மூன்று ஹெக்டோபாஸ்கல் வரை வரும். இலண்டனில் இதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே புயல்களின் ஏற்ற இறக்கம் இதைவிடப் பல மடங்கு. இரு நூற்றாண்டுக்கு முன் தென் அமெரிக்கா வந்த ஜெர்மானியப் பயணி ஹம்போல்ட், வெப்பவலயத்தில் பாரமானியைப் பார்த்தே நேரத்தைச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது என்று வியந்தார்.

தொழிலுக்கு இதில் இரண்டு பயன். கருவி சரியா என்று சோதிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஒரு கிழமைப் பதிவில் இந்த இரண்டு மேடும் தெரியவில்லை என்றால் கருவியோ, கடிகாரமோ, அதை வைத்த இடமோ பிழை. மற்றது, நாலு மணிக்கு அமுக்கம் இறங்குவதைப் பார்த்து "புயல் வருகிறது" என்று வட்ஸ்அப்பில் போடாமல் இருக்கலாம். புதிதாக வேலைக்கு வருகிற ஆட்களில் பாதிப்பேர் முதல் மாதத்தில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பள்ளத்தாக்குகளில் இதற்கு மேல் இன்னொரு சின்ன ஆட்டமும் உண்டு. பகலில் பள்ளத்தாக்கின் காற்று உச்சியைவிட வேகமாகச் சூடாகி இலேசாவதால், அங்கே பிற்பகல் பள்ளம் இன்னும் ஆழமாகும். மத்தியானத்துக்குப் பின் கீழிருந்து மேலே மூடுபனி ஏறிவருவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்றை மேலே இழுப்பது இந்த அரை ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம்தான். அடிவாரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று என இரண்டே கருவிகள் போதும் அதை எண்ணில் காட்ட.

செபுரி மலையில் ஓர் உதவிப் பேராசிரியர்

இந்தத் தொழிலின் மிக நல்ல கதை ஒரு மலையில்தான் தொடங்கியது. 1947 ஓகஸ்ட், ஜப்பானின் கியூஷூ தீவு. யுத்தம் முடிந்து நாடு நொந்து கிடந்த காலம். ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்த 26 வயது தெத்சுயா ஃபுஜிதா, செபுரி மலை உச்சியில் இருந்த வானிலை நிலையத்தைக் கடந்துபோன ஓர் இடிமழையின் அமுக்கப் பதிவைச் சுற்றுவட்டார நிலையங்களின் பதிவுகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். இடிமேகத்துக்குக் கீழே அமுக்கம் குறையும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். அவர் கண்டது ஒரு சின்ன மேடு. மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கொட்டுகிறது, கனமான அந்தக் காற்று தரையில் குவிந்து அமுக்கத்தைக் கூட்டுகிறது, பிறகு நாலாபக்கமும் வழிந்தோடுகிறது என்று அதிலிருந்து புரிந்துகொண்டார்.

அந்த மலையில் இருந்த அமெரிக்க ராடார் நிலையம் கழித்துவிட்ட காகிதங்களுக்குள் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் ஹொரஸ் பயர்ஸ் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை அகப்பட்டது. பயர்ஸ் விமானங்களையும் ராடார்களையும் வைத்துப் பெரும் செலவில் அமெரிக்காவில் செய்துகொண்டிருந்த இடிமழை ஆய்வு இதே முடிவுக்குத்தான் வந்திருந்தது. ஃபுஜிதா தன் கட்டுரையை அவருக்கு அனுப்பினார். 1953இல் சிக்காகோவுக்கு அழைப்பு வந்தது. பின்னாளில் டொர்னாடோ என்ற சுழல்காற்றுகளின் பலத்தை அளக்க உலகம் பயன்படுத்திய 'எஃப்' அளவுகோல் அவருடையது. விமான நிலையங்களில் விமானங்களைத் தரையில் மோதவைத்த கீழ்நோக்கிய காற்று வெடிப்பை அடையாளம் காட்டியவரும் அவரே.

கதையை விட்டுவிட்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோமீற்றர் தடிப்பான காற்றுப் படலம் மூன்று பாகை குளிர்ந்தால், அதன் கீழே தரையில் அமுக்கம் ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் மலைகளில் பின்னேரம் பின்னேரமாக இடிமழை கொட்டுகிறதே, அந்த மழையெல்லாம் இப்படியான மேடுகளைக் கிளப்பிக்கொண்டுதான் நகர்கிறது. குளிர்காற்றின் முன்விளிம்பு செக்கனுக்குப் பத்து மீற்றர் வேகத்தில் வந்தால், ஆறு கிலோமீற்றர் தள்ளியுள்ள அடுத்த தோட்டத்தைத் தொடப் பத்து நிமிடம். மலையில் கூடையோடு நிற்கிற பெண்களுக்கு இடி மின்னலுக்கு முன் பத்து நிமிடம் என்பது சும்மா விஷயமல்ல. இதனால்தான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் கருவியால் இங்கே பயனில்லை. அரை நிமிடத்துக்கு ஒன்றாவது வேண்டும். கடிகாரங்களும் சில செக்கன்களுக்குள் ஒத்துப்போக வேண்டும்.

அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் கச்சான்

ஜூன், ஜூலையில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழையில் ஊறிக் கிடக்கும். அதே நாளில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி ஏறும்போது ஈரத்தைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது சூடேறி உலர்ந்துவிடுகிறது. கிழக்கே இதைக் கச்சான் என்கிறார்கள். காற்று முட்டும் பக்கம் அமுக்கம் சற்றுக் கூடும், இறங்கும் பக்கம் சற்றுக் குறையும். சுவிட்சர்லாந்தில் அல்ப்ஸ் மலையின் இரு பக்கத்திலும் உள்ள லுகானோ, சூரிச் நகரங்களின் அமுக்க வித்தியாசத்தைப் பார்த்தே இத்தகைய காற்று வருமா என்று கணிப்பார்கள். நமது மலைத்தொடருக்கும் அப்படி ஒரு சோடி எண் இருந்தால் நல்லது.

யாருக்கு நல்லது? ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற மணம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் இந்த உலர்காற்றில்தான் ஏறுகிறது. திம்புளைப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான குளிர் உலர்காலம். தரமான கொழுந்து எந்தக் கிழமையில் வரும் என்பதை இரண்டு நாள் முந்தி அறிவது ஒரு தோட்டத்துக்கு ஏலவிலையில் தெரியும். அமுக்கம் அளப்பவர் பேசவேண்டிய பாஷை இதுதான்.

இலங்கையில் செய்து பார்த்தது

மலிவுக் கருவி வலைப்பின்னல் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2016இல் தொடங்கிய 'ஃபோர்-ஒன்ஸ்' என்ற ஆய்வுத் திட்டத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் தென் சுவிட்சர்லாந்தின் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வடமேல் மாகாணத்தின் தெதுரு ஓயாப் படுக்கையில் இருபதுக்கு மேற்பட்ட மலிவு வானிலை நிலையங்களை நிறுவின. அர்டுயினோ பலகை, சிம் அட்டை, சூரியத்தகடு, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மென்பொருள். அமுக்கம், வெப்பநிலை, ஈரப்பதன், காற்று, மழை எல்லாம் அளந்தன. தரவின் தரம் எப்படி என்று விலையுயர்ந்த நிலையத்தோடு ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள்.

தெதுரு ஓயா பெரும்பாலும் தாழ்நிலம். அங்கே ஒரு நிலையத்துக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் போதும். இங்கே அக்கரப்பத்தனையிலிருந்து டயகமைக்குப் போய், அங்கிருந்து மேல் டிவிசனுக்கு நடந்து ஏறி ஒரு பற்றரியை மாற்றிவர ஒரு நாள் போய்விடும். அந்த ஒரு நாளுக்குத்தான் சம்பளம். குளவிக்கூடு எங்கே, அட்டை எந்தப் பாதையில், மழைக்காலத்தில் எந்தப் படிக்கட்டு வழுக்கும் என்று தெரிந்த பிள்ளைக்கு முன்னால், கொழும்பிலிருந்து வரும் பட்டதாரி பாவம்.

கையும் கருவியும்

சில்லு வாங்கும்போது பொஷ் நிறுவனத்தின் பிஎம்பி280, பிஎம்ஈ280, பிஎம்பி390 ஆகிய பெயர்கள்தான் கடையில் அதிகம் கேட்கும். முதலாவது அமுக்கமும் வெப்பநிலையும் அளக்கும். இரண்டாவது ஈரப்பதனையும் சேர்த்து அளக்கும். மூன்றாவதுக்கு விலை கூட, நுட்பமும் கூட. பிஎம்பி280இன் முழு அளவுப் பிழை ஒரு ஹெக்டோபாஸ்கல் வரை போகலாம். ஆனால் ஏற்ற இறக்கத்தை அளப்பதில் 0.12க்குள் நிற்கும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. பிஎம்பி390க்கு அது 0.03. நமக்கு வேண்டியது ஏற்ற இறக்கம் என்பதால் மலிவானதே பெரும்பாலும் போதும். பிஎம்ஈ என்று சொல்லிப் பிஎம்பியைத் தலையில் கட்டுவது இணையக் கடைகளில் நடக்கிறது. சில்லின் அடையாள எண்ணை வாசித்துப் பாருங்கள். பதினறும எண்ணில் 58 என்று பதில் வந்தால் அது பிஎம்பி280, 60 என்றால் பிஎம்ஈ280.

வாங்கியதும் தோட்டம் தோட்டமாகக் கொண்டு ஓடாதீர்கள். பத்தையும் ஒரே பெட்டியில், ஒரே மேசையில், ஒரு கிழமை வைத்து ஓடவிடுங்கள். ஒரே காற்றை அளந்தும் பத்தும் பத்து விதமாகச் சொல்லும். ஒவ்வொன்றும் மற்றவற்றின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எழுதி, அந்த எண்ணைக் கருவியின் முதுகில் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கூட்டிவந்து ஒப்பிடுங்கள், ஏனென்றால் சில்லுகள் வயதாக ஆக மெல்ல வழுகும். முடிந்தால் ஒன்றை வளிமண்டலவியல் திணைக்களத்தின் நுவரெலியா நிலையப் பாரமானியோடு ஒப்பிட அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுங்கள். அனுமதி கிடைக்கிறதோ இல்லையோ, அப்படிக் கேட்கத் தெரிந்தவர் என்று உங்கள் பெயர் அங்கே பதியும்.

வைக்கும் இடம் பற்றி ஒரு நல்ல செய்தி. மழைமானி மாதிரி அமுக்கமானிக்கு வெட்டவெளி தேவையில்லை. வீட்டுக்குள் இருக்கும் அமுக்கமும் வெளியே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றே. பிள்ளைமடுவம், தோட்ட ஆபீஸ், பாடசாலை, கோயில் களஞ்சியம் எல்லாம் நல்ல இடங்கள். மின்சாரம் இருக்கும், திருட்டுப் பயம் குறைவு, கேட்டுச் சொல்ல ஓர் ஆளும் இருப்பார். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியை மட்டும் தவிருங்கள். அங்கே பெரிய விசிறிகள் போடும் ஆட்டத்தில் வானிலை காணாமல் போய்விடும்.

வெளியே வைத்தே ஆகவேண்டும் என்றால் காற்றுக்குப் பயப்படுங்கள். செக்கனுக்குப் பத்து மீற்றர் காற்று பெட்டியின் ஓட்டைக்குள் நேராக அடித்தால் அரை ஹெக்டோபாஸ்கல் பொய்யாகக் கூடும். ஜூன் மாதத்தில் நம் மேட்டு மலைகளில் அடிக்கும் காற்றுக்கு இது இன்னும் ஏறும். ஓட்டைகளைச் சிறிதாக, காற்று வராத பக்கங்களில், கீழ்நோக்கி வையுங்கள். சில்லுக்குப் பக்கத்தில் வை-பைப் பலகை சூடேறினால் அளவு கெடும். இரண்டையும் ஒரு சாண் கம்பியால் பிரியுங்கள். நீண்ட கம்பி இழுக்காதீர்கள், இடிக்கால மின்னல் அதைத் தேடி வரும். லோரா மாதிரி வானொலி வழியாகத் தரவு அனுப்புவதென்றால் எந்த அலைவரிசைக்கு அனுமதி என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கில் ஒரே ஒரு சட்டம்: கருவிக்குள் எப்போதும் உலக நேரம். ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டுவது படம் வரையும்போது. சில கருவிகளில் இலங்கை நேரமும் சிலவற்றில் உலக நேரமும் கலந்துபோன ஒரு வருடத் தரவைத் திருத்துவதைவிட அதை எறிவது லேசு.

பெரட்டுக்களத்தில் பேசுவது

தோட்டத்தில் அனுமதி கேட்பது ஒரு தனிக் கலை. பெரிய துரை முதலில் கேட்பது இப்படித்தான் இருக்கும்: "தம்பி, இந்தப் பெட்டியால எனக்கு எத்தனை கிலோ கொழுந்து கூடும்?"

"கூடாது சேர்" என்று சொல்லுங்கள். அதுவே பாதி நம்பிக்கையைச் சம்பாதித்துவிடும். "கொப்புள நோய்க்கு மருந்தடிக்கிற நாளை மழை கழுவிக்கொண்டு போகாமல் பார்க்கலாம். பின்னேரம் இடிமழை எந்தப் பக்கத்தால வருது என்று ஆபீசுக்குச் சொல்லலாம்" என்று தொடருங்கள். கொப்புள நோய் 1946இல் இந்தத் தீவுக்கு வந்தது. அன்றிலிருந்து மேட்டுநிலத் தோட்டங்களின் மழைக்காலச் செலவில் அதற்கு ஒரு நிரந்தரப் பங்கு உண்டு. அதைத் தொட்டுப் பேசுகிறவரைத் துரைமார் உட்காரவைத்துத்தான் அனுப்புவார்கள்.

அதைவிட முக்கியமான பேச்சு பெரட்டுக்களத்தில். சிவப்பு விளக்கு மினுங்கும் பெட்டியைப் பார்த்தால் தொழிலாளருக்கு முதலில் வரும் சந்தேகம் 'கமரா' என்பதுதான். நிறை, நேரம், பேர், அரைப்பேர் என்று எத்தனையோ கணக்கில் ஏமாந்தவர்களின் சந்தேகம் அது, குறைசொல்ல முடியாது. தோட்டத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெட்டியைத் திறந்து காட்டுங்கள். "அக்கா, இது ஆளைப் பார்க்காது, காத்தோட கனத்தை மட்டும்தான் அளக்கும்" என்று சொன்னால் புரியும். லயக் காம்பராவில் வைப்பதென்றால் இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நுட்பமான சில்லு கதவு அடித்துச் சாத்துவதைக்கூடப் பதியும். வீட்டார் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்.

எல்லை எது என்பதிலும் தெளிவு வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைக் கிழித்ததும் நேற்றுப் போல இருக்கிறது. மண்சரிவை அமுக்கமானி சொல்லாது. அதைச் சொல்வது மழைமானி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையை விழிப்பு நிலையாகவும், 100ஐ அடுத்த நிலையாகவும், 150ஐ வெளியேறவேண்டிய நிலையாகவும் வைத்திருக்கிறது. பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடும் அதிகாரம் அந்நிறுவனத்துக்கும் வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும்தான். உங்கள் வலைப்பின்னல் கண்டதை அவர்களுக்குச் சொல்லுங்கள், ஊருக்கு நீங்களாக எச்சரிக்கை அடிக்காதீர்கள். ஒரு பொய் எச்சரிக்கையோடு அடுத்த உண்மையான எச்சரிக்கைக்கும் ஆள் எழும்பாது.

சம்பளம் எங்கே

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1925இல் தொடங்கியது, வானிலைப் பதிவும் நெடுங்காலமாக நடக்கிறது. ஆய்வு உதவியாளர், கள உதவியாளர் வேலைகளுக்கு அதன் அறிவித்தல்களைக் கவனியுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தில் அவதானிப்பாளராகச் சேர உயர்தரக் கணிதப் பிரிவு கைகொடுக்கும், மேல் பதவிக்குப் பௌதிகவியல் அல்லது கணிதப் பட்டம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. பேராதனையும் மொரட்டுவையும் கருவி வேலைக்கு மாணவரை எடுக்கின்றன. பட்டம் கிடைக்காதவர்கள் மனம் தளரவேண்டாம். மின்னணுவியலில் தேசிய தொழிற்தகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழும், கையில் ஓடுகிற ஒரு வலைப்பின்னலும் இருந்தால் பெருந்தோட்டக் கம்பனிகளிலும் ஆய்வுத் திட்டங்களிலும் கதவு திறக்கும்.

இந்த வேலைகளில் பெரும்பாலானவை திட்ட வேலைகள். இரண்டு வருடம், மூன்று வருடம். நம் ஆட்களுக்குக் கொந்தரப்பு புதிதல்ல என்றாலும், கையெழுத்திடும் முன் சில கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும். சிம் அட்டைக்கு மாதாமாதம் ரீலோட் போடுவது யார்? பஸ், ஓட்டோ காசு தனியாகத் தருவார்களா? தரவு யாருக்குச் சொந்தம், ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் வருமா? திட்டம் முடிந்த மறுநாள் கருவிகளுக்கு என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டத்தில் சேர்ந்தால், மூன்றாம் வருட முடிவில் லயத்துச் சுவர்களில் செத்த பெட்டிகள் தொங்கும். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் ஊரார் உங்கள் முகத்தைத்தான் நினைப்பார்கள்.

நேர்முகத் தேர்வுக்குச் சான்றிதழ்க் கோப்போடு ஒரு கொப்பியையும் கொண்டுபோங்கள். உங்கள் வீட்டில் முப்பது நாள் ஓடிய ஒரே கருவியின் வரைபடம், பக்கத்தில் கையெழுத்தில் குறிப்புகள்: "12ஆம் திகதி 3.40, மேற்கே இடி, 1.1 துள்ளல், 15 நிமிடத்தில் மழை." "19ஆம் திகதி, தம்பி பெட்டியை இடம் மாற்றினான்." இரண்டாவது குறிப்பு முதலாவதைவிட உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

கருவி வாங்கக் காசு இல்லையா? பல கைப்பேசிகளுக்குள் அமுக்கச் சில்லு ஏற்கனவே இருக்கிறது, அதை வாசித்துக்காட்டும் இலவசச் செயலிகளும் உண்டு. நாளைக் காலை பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் நாலு மணிக்கு ஒன்று, அதே மேசையில் வைத்துக் கலண்டரில் குறியுங்கள். பத்து நாள் போதும். நாலு மணி எண் பெரும்பாலும் இரண்டளவு குறைந்தே வரும். என்றாவது ஒரு நாள் அது இறங்காமல் நிற்கும், அல்லது திடீரென்று கூடும். அன்றைக்கு வாசலுக்குப் போய் எந்த மலைப்பக்கம் கறுத்திருக்கிறது என்று பார்த்து, அதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.